கூற்றும் முடிபும்

கூறப்பட்ட செய்திகளிலிருந்து ஐயத்துக்கு இடமின்றிப் பெறத்தக்க முடிபு யாது எனத் தெளிதல் தருக்கப் பயிற்சியுள் தலையாயது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் சட்டம் பயிலப் புகுவோர்க்கு 1948ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் நுழைவுத் தேர்வில், 2024 ஆகஸ்ட் தொடக்கம், புள்ளியிடப்படும் மூன்று பகுதிகளுள் இரண்டு தருக்க நியாயத்துக்கே உரியன. நம் முன்னோர் இதனை அனுமானம் என்றனர். மணிமேகலையின் 29ஆம் காதை, மலையிற் புகை கண்டு நெருப்பு உண்டெனத் துணிதலை எடுத்துக்காட்டி, அனுமானத்தின் உறுப்புகளையும் போலிகளையும் விரித்துரைக்கின்றது.

அவ்வெடுத்துக்காட்டையே ஈண்டு ஆராய்வோம். “புகையுள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு” என்பது கூற்றாயின், அதிலிருந்து நான்கு முடிபுகள் சொல்லப்படலாம்.

1. இங்கே புகை உண்டு. ஆதலின் நெருப்பு உண்டு.
2. இங்கே நெருப்பு இல்லை. ஆதலின் புகை இல்லை.
3. இங்கே நெருப்பு உண்டு. ஆதலின் புகை உண்டு.
4. இங்கே புகை இல்லை. ஆதலின் நெருப்பு இல்லை.

முதலிரண்டும் பொருந்தும், பின்னிரண்டும் பொருந்தா. கொல்லன் உலையிற் பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. இவ்வொன்றே பின்னிரண்டையும் மறுக்கப் போதுமானது.

மேலும், “மாணவருட் சிலர் நாவன்மை உடையர்” எனின், ஏனையோர் அஃதிலர் என்பது பெறப்படாது. ‘சிலர்’ என்னும் சொல் ‘எல்லாரும்’ என்பதை விலக்குவதன்று. கூற்றில் இல்லாததை நம் அறிவிலிருந்து கூட்டிக்கொள்ளலும் பிழையாம்.

இப்பிழை எளியதெனக் கருதற்க. பல்லாண்டுகளுக்கு முன், மணியடித்தபின் ஈரத்தலையோடு வகுப்பினுட் புகுந்தான் ஒரு மாணவன். குளத்தில் விளையாடி வருவோர் தலை நனைந்திருக்கும். இவன் தலை நனைந்திருக்கிறது. ஆகவே குளத்துக்கே சென்றான் எனத் துணிந்து, யாவரும் கேட்கக் கடிந்தேன். அவன் மறுமொழி கூறாது நின்றான். தாய் நோயுற்றமையால், கிணற்றில் நீர் இறைத்துத் தம்பியரைக் குளிப்பாட்டித் தானும் முழுகி ஓடிவந்தான் என்பதை மறுநாளே அறிந்தேன். தருக்கம் கற்பித்த நானே மூன்றாம் முடிபின் வழியிற் சென்றிருந்தேன்! வகுப்பின் முன்னிலையிலேயே அவனிடம் என் பிழையை ஒப்புக்கொண்டேன்.

ஆசிரியன் பிழைப்பின் ஒரு சிறுவன் மனம் நோகும். நீதிமன்றம் பிழைப்பின் ஒரு குடும்பமே அழியும். ஆதலின் மாணவர்காள்! முடிபு கூறுமுன் உங்களையே வினவுக: “கூற்று மெய்யாயிருக்க, என் முடிபு பொய்யாதல் கூடுமோ?” கூடுமாயின், அஃது அனுமானமன்று, வெறும் ஊகமேயாம்.