'டாங்க்' என்றொரு சொல்

எளிய சொல் என்று நாம் அசட்டையாக இருக்கும் ஆங்கிலச் சொற்களே நம்மைக் கவிழ்க்கின்றன. பழைய சென்னையைப் பற்றிய பகுதி ஒன்றைத் தமிழாக்கும் பயிற்சியில், 'மயிலாப்பூர் டாங்க்' என்று வந்த இடத்தில் நான் 'மயிலாப்பூர் நீர்த்தொட்டி' என்று எழுதினேன். வகுப்பே சிரித்தது. வெட்கத்துடன் 'கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளம்' என்று திருத்தினேன். பேராசிரியர் அதையும் அடித்துவிட்டு, "நூலகத்தில் பழைய வரைபடம் இருக்கிறது, பார்த்துவிட்டு எழுதப்பா" என்றார்.

பார்த்தேன். இன்று அண்ணா சாலை எனப்படும் மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கு நோக்கி நீண்டதொரு நீர்ப்பரப்பு. பெயர் 'லாங் டாங்க்'. அதன் தென்பகுதியே மயிலாப்பூர் டாங்க். கோயிற்குளம் அன்று, ஏரி! 1920களில் அதன் நீரை வடித்து, மேடாக்கி, தியாகராய நகரை எழுப்பினார்கள். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இன்னும் இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை.

இச்சொல் இங்கிலாந்தில் பிறந்ததும் அன்று. குஜராத்தி, மராத்தி மொழிகளில் நீர்த்தேக்கத்தைக் குறித்த 'டாங்கு', 'டாக்கே' போன்ற சொற்களும், போர்த்துக்கீசியரின் 'டாங்கே'யும் சேர்ந்து உருவானது என்பர். பழவந்தாங்கலில் உள்ள நம் 'தாங்கல்' தான் மூலம் என்று நிறுவிவிட எனக்கும் ஆசைதான், அகராதிகள் இடந்தரவில்லை. முதல் உலகப் போரில் ஆங்கிலேயர் கவச வண்டி செய்தபோது, இரகசியம் வெளிப்படாதிருக்க நீர்த்தொட்டி போலப் பெயரிட்டு மறைத்தனர். 1916 செப்டம்பரில் அது போர்க்களம் புகுந்தது, பெயர் ஒட்டிக்கொண்டது. மொட்டைமாடித் தொட்டியும், ஸ்கூட்டரின் பெட்ரோல் கலமும், அறிஞர் குழுவும்கூட இச்சொல்லுக்குள் அடக்கம்.

தமிழோ இவற்றைப் பிரித்தே பேசுகிறது. குளம் என்றால் படித்துறையும் நீராடலும் நினைவுக்கு வரும். குடிநீருக்கு ஊருணி. ஏரி என்றாலோ கரை, மதகு, கலங்கல், அவற்றுக்குக் கீழே பாசனம் பெறும் வயல் எல்லாம் உடன்வரும். நான் 'குளம்' என்று எழுதியபோது ஒரு சொல் மட்டுமா பிழைபட்டது? அந்த ஏரியை நம்பிப் பயிரிட்டவர்களும் என் தாளிலிருந்து மறைந்துபோனார்கள். இன்று பாண்டி பஜாரில் துணி வாங்கும் நம்மில் எத்தனை பேருக்கு ஏரிக்குள் நிற்கிறோம் என்பது தெரியும்? மழை பெருத்துத் தெருவில் முழங்கால் நீர் தேங்கும் நாளில் சிலருக்குத் தெரியக்கூடும்.

மூன்றாம் முறை 'மயிலாப்பூர் ஏரி' என்று எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் அரை மதிப்பெண் தந்தார். மற்ற அரை, 'ஏரி'யை அவசரத்தில் 'ஏறி' என்று எழுதியதற்குப் போயிற்று.