தவணைக்குப் பின்னும் உழைக்கும் கம்ப்ரசர்

வீட்டுப் பட்டறையில் மரச் சாமான்களுக்கு வண்ணம் தெளிப்போரும் இருசக்கர வாகனம் பழுதுபார்ப்போரும் கம்ப்ரசர் வாங்கக் கடன் கேட்டுக் கிளைக்கு வருவதுண்டு. அவர்கள் கொணரும் விலைப்புள்ளிகளில் பெரும்பாலும் தொட்டியின் கொள்ளளவு, மோட்டாரின் குதிரைத்திறன் ஆகிய இரண்டு விவரங்களே இருக்கும். கருவி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை இவை சொல்வதில்லை. மூன்றாண்டுக் கடனில் வாங்கிய கருவி ஒன்றரை ஆண்டில் நின்றுபோனால், எஞ்சிய தவணைகளை அதன் வருவாய் இன்றியே செலுத்த நேரிடும்.

முதலில் காண வேண்டியது, கருவி உண்மையில் வெளியிடும் காற்றின் அளவு. நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று அது குறிக்கப்படும். ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர். விளம்பரத் தாளில் பெரிதாக அச்சிடப்பட்ட எண், பிஸ்டனின் இடப்பெயர்ச்சி அளவாக இருக்கக்கூடும். அதில் பொதுவாக 60 முதல் 75 விழுக்காடு காற்றே நமக்குக் கிடைக்கும். 8 கன அடி என்றிருந்தால் 5 அல்லது 6 என்று கொள்வதே நன்று. டயருக்குக் காற்றடிக்கச் சிறிய கருவி போதும். வண்ணம் தெளிக்கும் ஸ்பிரே கன்னோ தொடர்ந்து காற்றைக் கேட்கும். அதன் தேவையைவிடக் கம்ப்ரசரின் வெளியீடு மூன்றில் ஒரு பங்காவது மிகுந்திருந்தால்தான் மோட்டார் இடையிடையே நின்று சூடு தணியும். ஓய்வின்றி ஓடும் கருவி விரைவில் கெடும். பெரிய தொட்டி இக்குறையைச் சிறிது நேரம் மறைக்குமேயன்றித் தீர்க்காது.

மோட்டாருடன் நேரடியாக இணைந்த, எண்ணெய் தேவைப்படாத வகை எடை குறைந்தது. ஆனால் மோட்டாரின் முழு வேகத்திலேயே அது சுழல்கிறது. பெல்ட்டால் இயங்கும் வார்ப்பிரும்பு வகை மெதுவாகச் சுழலும். எண்ணெய் இருப்பதால் தேய்மானமும் குறைவு. ரிங், வால்வு போன்றவற்றை மாற்றிக்கொள்ளலாம். நாள்தோறும் வேலை உள்ளவருக்கு இதுவே ஏற்றது. எடுத்துக்காட்டாக, 10,000 ரூபாய்க் கருவி இரண்டாண்டும் 24,000 ரூபாய்க் கருவி எட்டாண்டும் உழைப்பதாகக் கொண்டால், ஆண்டுச் செலவு முறையே 5,000, 3,000 ரூபாய். வணிகவியல் படித்த எனக்குப் பிஸ்டனைவிட இக்கணக்கே எளிதில் விளங்குகிறது.

மோட்டாரில் செப்புக் கம்பிச் சுற்று உள்ளதா என்று கேட்டறிக. மெல்லிய நீட்டிப்பு வயரில் கம்ப்ரசரை இயக்கினால் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் எரியக்கூடும். தொட்டியில் சேரும் நீரை அன்றாடம் வடிக்காவிடில் உட்புறம் துருப்பிடிக்கும். மழைக்காலத்தில் நீர் மிகுதியாகவே சேரும்.

வருவாய் ஈட்டும் சிறுதொழிலாயின், முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் பெறலாம். பொழுதுபோக்குக்கு அது பொருந்தாது. விற்பனையாளரிடம் விலைப்புள்ளி கேட்கும்போதே உண்மைக் காற்று வெளியீடு, உத்தரவாதக் காலம், உதிரி பாகங்கள் கிடைக்கும் இடம் ஆகியவற்றையும் எழுத்தில் பெற்று வருக.