முப்பத்தாறு மாதக் கணக்கு

படைவீரர்களின் படிப்புக்கு அரசு பணம் தரும் ‘ஜிஐ பில்’ சட்டம் என்றதும் அமெரிக்க முன்னாள் படைவீரர் பலருக்கு மனத்தில் எழுவது கல்லூரி வளாகமும் பட்டமளிப்பு அங்கியும்தான். நெட்வொர்க் சான்றிதழுக்கோ, ஏசி மெக்கானிக் பயிற்சிக்கோ, லாரி ஓட்டுநர் உரிமத்துக்கோ அந்தப் பணம் கிடைக்காது என்ற எண்ணம் அவர்களிடையே ஊறிப்போயிருக்கிறது. வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது. 1944 ஜூன் 22 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட முதல் சட்டத்தின் கீழ் படித்தவர்கள் ஏறத்தாழ 78 லட்சம் பேர். அவர்களில் கல்லூரிக்குப் போனவர்கள் சுமார் 22 லட்சம்தான். மற்ற 56 லட்சம் பேரும் தொழிற்பள்ளிகளிலும் பணியிடங்களிலும் பண்ணைகளிலும் கற்றவர்கள். பட்டதாரிகளின் கதை புத்தகங்களில் ஏறியது. வெல்டர்களின் கதை ஏறவில்லை.

இப்போது பெரும்பாலோர் பயன்படுத்துவது 2009 ஆகஸ்ட் 1 முதல் அமலுக்கு வந்த ‘போஸ்ட் 9/11 ஜிஐ பில்’. இதில் சான்றிதழ் தேர்வுகளுக்கென்றே தனி ஏற்பாடு உண்டு. அதைச் சுற்றியும் ஒரு வதந்தி: தேர்வில் தேறினால்தான் பணம் திரும்பும், தோற்றால் கைநஷ்டம். உண்மையில் ஒரு தேர்வுக்கு 2,000 டாலர் வரை முன்னாள் படைவீரர் நலத்துறை திருப்பித் தருகிறது. தோற்றாலும் தரும். அதே தேர்வை மறுபடி எழுதினாலும், பழைய சான்றிதழைப் புதுப்பிக்க எழுதினாலும் தரும். இத்தனை தேர்வுகள்தான் என்ற வரம்பும் இல்லை. இணையப் பாதுகாப்புத் துறையில் பெரிதாக மதிக்கப்படும் சிஐஎஸ்எஸ்பி தேர்வின் அமெரிக்கக் கட்டணமான 749 டாலர்கூட அந்த உச்சவரம்புக்குள் வசதியாக அடங்கிவிடும். கவனிக்க வேண்டியவை மூன்று. அந்தத் தேர்வு அரசின் அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும். பணத்தை முதலில் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகுதான் கோர முடியும். உரிமம் வழங்குவதற்கென்று தனியாக வாங்கும் கட்டணம் இதில் சேராது.

“தேர்வுக்காக ஜிஐ பில்லைத் தொடாதே, ஒரு மாதம் போய்விடும்” என்று மூத்த சார்ஜென்ட்கள் இளையவர்களை எச்சரிப்பதுண்டு. அதை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு காலத்தில் அதுவே விதி. 2018 ஆகஸ்ட் வரை, 300 டாலர் தேர்வானாலும் 2,000 டாலர் தேர்வானாலும் படிப்புக்கென்று தரப்படும் மாதக் கணக்கிலிருந்து முழுதாக ஒரு மாதம் கழிக்கப்பட்டது. 2017இல் நிறைவேறிய சட்டம் அதை மாற்றி, செலவழித்த தொகைக்கு ஏற்ற விகிதத்தில் மட்டும் கழிக்கச் சொன்னது. இன்று 300 டாலர் தேர்வுக்கு ஒரு வாரத்துக்கும் குறைவாகத்தான் குறையும். சட்டம் மாறியும் அறிவுரை மாறவில்லை. அந்த 2017 சட்டம் ஹாரி கோல்மெரியின் பெயரைத் தாங்கியது. முதல் ஜிஐ பில்லின் வரைவை வாஷிங்டன் மேஃப்ளவர் ஹோட்டலின் கடிதத்தாளில் கையால் எழுதியவர் அவர்.

அடுத்த நம்பிக்கைதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது: “எல்லாம் இலவசம்.”

முழுத் தகுதி பெற்றவருக்கு அரசு தருவது 36 மாதப் படிப்பு உரிமை. இதில் செலவாகும் காசு டாலர் இல்லை, மாதம். ஒரு மாதத்தின் மதிப்பும் எங்கும் ஒன்றாக இருப்பதில்லை. நேரில் வகுப்புக்குப் போகிறவருக்குக் கல்விக் கட்டணத்தோடு அந்த ஊரின் வாடகை நிலவரத்தை ஒட்டிய வீட்டுப்படியும் கிடைக்கும். நியூயார்க்கிலோ சான் டியேகோவிலோ அது பெரிய தொகை. முழுக்க ஆன்லைனில் படிப்பவருக்குக் கிடைப்பது தேசிய சராசரியில் பாதி. பணியில் இருந்துகொண்டே ஜிஐ பில்லைப் பயன்படுத்துபவருக்கு இந்தப் படி கிடையவே கிடையாது. ஆகவே சீருடையில் இருக்கும்போதே ஒரு சான்றிதழுக்காக இதில் கை வைப்பவர், மதிப்புள்ள மாதத்தை மலிவாக விற்றுவிடுகிறார். அவருக்கென்று வேறு பைகள் இருக்கின்றன. 2020இல் தரைப்படை முழுவதற்கும் விரிந்த சான்றிதழ் உதவித் திட்டம் ஒன்று இருக்கிறது. கடற்படையின் ‘கூல்’ திட்டம் தேர்வுக் கட்டணத்தை நேரடியாக ஏற்கிறது. இரண்டிலும் ஜிஐ பில் மாதம் ஒன்றுகூடக் குறையாது. இந்தத் திட்டங்களின் வரம்புகள் அடிக்கடி மாறுவதால், பழைய வரம்பை நம்பித் திட்டமிட்டவர் மாட்டிக்கொள்ளலாம் என்பது மட்டும் உண்மை.

“எந்தப் பயிற்சி மையத்தில் சேர்ந்தாலும் அரசு கட்டிவிடும்” என்பது விளம்பரங்கள் விதைத்த எண்ணம். பட்டம் தராத பயிற்சி மையத்துக்கு மாநில ஒப்புதல் முகமையின் அனுமதி வேண்டும். பொதுவாக அந்தப் பாடத்தை இரண்டு வருடமாவது நடத்தியிருக்கவும் வேண்டும். தனியார் நிறுவனம் முழுக்க ஆன்லைனில் நடத்தும் ‘பூட் கேம்ப்’ பெரும்பாலும் இந்த வாசலிலேயே நின்றுவிடும். நிரல் எழுதக் கற்றுத்தரும் மையங்கள் பெருகிய காலத்தில் இந்த இடைவெளி பளிச்சென்று தெரிந்தது. அதை அடைக்க 2019இல் ‘வெட் டெக்’ என்ற சோதனைத் திட்டம் வந்தது. பயிற்சிக் கட்டணத்தில் கால் பங்கு சேரும்போது, கால் பங்கு முடிக்கும்போது, மீதிப் பாதி அந்த மாணவருக்கு வேலை கிடைத்த பிறகுதான் என்று மையங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். வேலை கிடைக்காவிட்டால் நட்டத்தில் மையத்துக்கும் பங்கு. அரசுத் திட்டங்களில் இவ்வளவு கறாரான ஏற்பாடு அபூர்வம். 2024 ஏப்ரலில் அது முடிந்தது. 2025 ஜனவரி 2 அன்று கையெழுத்தான சட்டம் அதன் அடுத்த பதிப்புக்கு வழி செய்தது.

சரி, அங்கீகாரம் இருந்தால் நம்பலாமா? டெக்சாஸின் கார்லண்டில் ஆறு வார ஏசி மெக்கானிக் பயிற்சி தந்த மையத்துக்கும் அங்கீகாரம் இருந்தது. முன்னாள் வீரர்களை அங்கேயே தங்கவைத்துக் கற்றுக்கொடுத்து, நலத்துறையிடமிருந்து 7 கோடி டாலருக்கும் மேல் அது வாங்கியது. பொய்த் தகவல் கொடுத்து அந்த அனுமதியைப் பெற்றார் என்று உரிமையாளர் குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டு, 2021இல் ஏறத்தாழ இருபது ஆண்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அதற்கு முன்பே, 2016 செப்டம்பரில், நாடு முழுக்கக் கிளை பரப்பியிருந்த தொழிற்கல்வி நிறுவனமான ஐடிடி டெக் ஒரே நாளில் இழுத்து மூடப்பட்டது. அங்கே படித்துக்கொண்டிருந்த முன்னாள் வீரர்களின் கணக்கில் மாதங்கள் கரைந்திருந்தன, கையில் சான்றிதழ் இல்லை. மூடிப்போன பள்ளிகளில் கரைந்த மாதங்களைத் திருப்பித் தர வழிசெய்ததும் 2017 சட்டம்தான்.

இந்த நோய் பழையது. முதல் ஜிஐ பில் காலத்திலேயே அரசுப் பணத்துக்காக முளைத்த போலித் தொழிற்பள்ளிகளைப் பற்றி நாடாளுமன்றக் குழு விசாரித்தது. விளைவாக 1952இல், ஒரு பாடத்தில் சேருபவர்களில் 85 சதவீதத்துக்கு மேல் அரசுப் பணத்தில் படிப்பவர்களாக இருக்கக் கூடாது என்ற விதி பிறந்தது. சொந்தக் காசு கொடுத்து யாராவது வாங்குகிறார்களா என்று பார்ப்பதுதான் அதன் சூட்சுமம். சேரும் முன் ஒரு முன்னாள் வீரர் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே. நலத்துறையின் இணையதளத்தில் உள்ள ஒப்பீட்டுக் கருவி, ஒவ்வொரு நிறுவனத்தின் மீதும் வந்துள்ள புகார்களைக் காட்டும். பத்து நிமிடம் செலவழித்தால் போதும்.

படிக்கும்போது சம்பளம் வராது என்று தயங்குபவர்கள் பணியிடப் பயிற்சியை மறந்துவிடுகிறார்கள். எலக்ட்ரீஷியனிடம் தொழில் பழகுபவருக்கு முதலாளி கூலி தருகிறார். ஜிஐ பில் வீட்டுப்படியை முதல் ஆறு மாதம் முழுமையாகவும், அடுத்த ஆறு மாதம் 80 சதவீதமாகவும், பிறகு படிப்படியாகக் குறைத்தும் தருகிறது.

அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே ஜிஐ பில் என்ற தவறான எண்ணமும் உண்டு. இங்கே தமிழருக்கும் தொடர்பிருக்கிறது. 2009இல் தொடங்கிய ‘மாவ்னி’ திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருந்தவர்கள் மொழித்திறனைக் காட்டிப் படையில் சேர அது வழி திறந்தது, 2016இல் நிறுத்தப்பட்டது. ஜிஐ பில் உரிமை, பிறந்த நாட்டைப் பார்ப்பதில்லை. எவ்வளவு காலம் சேவை செய்தார், எந்த வகையில் விடுவிக்கப்பட்டார் என்று பார்க்கிறது. இந்த இரண்டாவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘கௌரவமான’ விடுவிப்புக்கு ஒரு படி கீழான ‘பொது’ விடுவிப்பு பெற்றவருக்கு மருத்துவம் போன்ற பல சலுகைகள் கிடைக்கலாம். ஜிஐ பில் கிடைக்காது.

“காலம் கடந்துவிட்டது” என்று கைவிட்டவர்களுக்கு நல்ல செய்தி உண்டு. 2013 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ படையை விட்டவர்களுக்குக் கெடுவே கிடையாது. மாதக் கணக்கிலும் ஒரு நல்ல செய்தி: பழைய மான்ட்கோமரி ஜிஐ பில் திட்டத்திலும் புதிய திட்டத்திலும் தனித்தனிச் சேவைக் காலத்தால் தகுதி பெற்றவர், பழையதை முழுதும் தீர்க்காமல் புதியதற்கு மாறினால் 36 மாதத்தோடு நின்றுவிட வேண்டும் என்றே நலத்துறை வெகுகாலம் சொல்லிவந்தது. 2024 ஏப்ரல் 16 அன்று உச்ச நீதிமன்றம் ருடிசில் வழக்கில் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அதை மறுத்தது. அப்படிப்பட்டவர் இரண்டையும் சேர்த்து 48 மாதம் வரை படிக்கலாம்.