ஒன்பது மாதக் கணக்கை முதல் நாளே சொல்லுங்கள்



திருப்பத்தூரில் எலும்பு மருத்துவராக நீங்கள் உட்காரப்போகும் அறைக்குத் தை பிறந்ததும் ஒரு கூட்டம் வரும். சிராவயல் மஞ்சுவிரட்டில் விழுந்தவர், கபடியில் ஏறிப்போன இடத்தில் மடக்கிப் பிடிபட்டவர், காரைக்குடிச் சாலையில் பைக் சறுக்கியவர். அடிபட்டபோது முட்டிக்குள் 'டப்' என்றது, பொழுது சாய்வதற்குள் வீங்கிவிட்டது என்பார்கள். பலர் எண்ணெய்க் கட்டுப் போட்டு வீக்கம் வடிந்து மறுபடி ஆடப்போய், திரும்பும்போது முட்டி நழுவிய பிறகே வருவார்கள். கையில் ஸ்கேன் கவர் இருக்கும். "ஜவ்வு கிழிஞ்சிருச்சாம் சார், எப்ப ஆப்பரேஷன்?"

தேதியைச் சொன்னால் அவர் எழுந்து போய்விடுவார். போக விடாதீர்கள்.

ஏ.சி.எல். என்ற அந்த முட்டி ஜவ்வு கிழிந்தால் தைத்துவிடுவார்கள், தையல் ஆறியதும் பழையபடி ஓடலாம் என்றே அவர் நினைத்துக்கொண்டிருப்பார். பெரும்பாலும் தைப்பதில்லை, தொடையின் பின்புறத்திலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ அவருடைய நாரையே எடுத்து, எலும்பில் துளையிட்டுப் புதிதாகப் பொருத்துகிறோம். பிடுங்கி நட்ட நாற்று முதலில் துவண்டு பிறகுதான் பச்சை பிடிக்கும் என்று சொல்லுங்கள். வயல் பார்த்தவருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம். பொருத்திய நாருக்குப் புது ரத்த ஓட்டம் கிடைத்து உயிர் பிடிக்கும் வரை, பொருத்திய அன்று இருந்த பலம்கூட அதற்கு இருக்காது.

சிக்கல் இங்கேதான். மூன்றாம் மாதம் வலி இருக்காது, நடை சீராகிவிடும், வண்டிகூட ஓட்டுவார். ஊரில் கோப்பைப் போட்டி வரும், கூட்டாளிகள் கூப்பிடுவார்கள். உள்ளே நார் பக்குவப்பட்டிருக்காது. நார்வேயில் 106 பேரைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளிவந்த ஆய்வு, களம் திரும்புவதை ஒன்பதாம் மாதம்வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏற்படும் விகிதம் 51 விழுக்காடு குறைந்தது என்றது. மூன்றாம் மாதத்தில் திடீரென்று "ஆடாதே" என்றால் எந்தப் பிள்ளையும் கேட்காது. முதல் நாளே சொல்லியிருந்தால், அவராகவே அடுத்த தைக்குக் கணக்குப் போட்டிருப்பார்.

ரிஷப் பந்த்தைச் சொல்லிக் காட்டுங்கள், எல்லோருக்கும் தெரியும். 2022 டிசம்பர் 30 அன்று கார் விபத்து, 2023 ஜனவரியில் மும்பையில் முழங்கால் தசைநார் அறுவை, மறுபடி ஐ.பி.எல். ஆட வந்தது 2024 மார்ச்சில். அவருக்குப் பட்ட அடி பெரிது, உண்மைதான். ஆனால் நாட்டின் தலைசிறந்த மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் பக்கத்தில் இருந்தும் பதினான்கு மாதத்துக்கு மேல் ஆயிற்று. எல்லோரும் பழைய ஆட்டத்துக்குத் திரும்புவதில்லை என்பதையும் மறைக்க வேண்டாம். பல ஆய்வுகளைத் தொகுத்த 2014-ஆம் ஆண்டுக் கணக்கில், போட்டி விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 55 விழுக்காடுதான்.

அறுவை இல்லாத வழியையும் நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும். ஸ்வீடனில் ஏ.சி.எல். கிழிந்த 121 இளைஞர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே அறுவை. மற்ற 59 பேருக்குப் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு அறுவை. இரண்டு ஆண்டுகளில் அந்த 59 பேரில் அறுவைக்குப் போனவர்கள் 23 பேர். முழங்கால் நிலையில் இரு பிரிவுக்கும் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. மளிகைக் கடையில் நிற்பவருக்கும் மாடு பிடிக்கப் போகிறவருக்கும் ஒரே பதில் இருக்க முடியாது. சட்டமும் இதையே கேட்கிறது: சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், ஆபத்துகள் ஆகியவற்றைப் போதுமான அளவு அறிந்து தரும் சம்மதமே சம்மதம் என்றது. வார்டில் அவசரமாக நீட்டும் தாளில் வாங்கும் கையெழுத்து அந்தக் கணக்கில் சேராது.

அறுவை என்று முடிவானால், காத்திருக்கும் வாரங்களை வீணாக்காதீர்கள். வீக்கம் வடிந்து, கால் முழுதாக நீளவும் மடங்கவும் வேண்டும். விறைத்த முட்டியில் அறுவை செய்தால் பிறகும் விறைப்பு நிற்கும். குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து முட்டியை அழுத்தும் பயிற்சியை வாயால் சொல்லி அனுப்பாமல், கட்டிலில் படுக்கவைத்துச் செய்ய வையுங்கள். ஊன்றுகோலோடு படியேறி இறங்கவும் அப்போதே பழகட்டும். அறுவைக்குப் பின் வலியில் இருப்பவரால் கற்றுக்கொள்ள முடியாது.

வீட்டைப் பற்றிக் கேளுங்கள். இந்தப் பக்கத்து வீடுகளில் திண்ணையும் நிலைப்படியும் உயரம். கழிப்பறை பின்கட்டில் இருக்கும், அதுவும் குத்தவைத்து உட்காருவதாக இருக்கும். முதல் சில வாரங்களுக்கு அதற்கு என்ன வழி என்று மருத்துவமனையிலிருந்து போன இரவில் தெரிந்துகொள்வது கொடுமை. காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகுகிறவரா, சிங்கப்பூர் வேலைக்கு டிக்கெட் போட்டவரா என்றும் கேளுங்கள். அறுவைத் தேதியே மாறக்கூடும். காப்பீட்டு அட்டையில் எது அடங்கும், கையிலிருந்து எவ்வளவு ஆகும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். அறுவைக்குப் பின் காயத்துக்குப் பக்கத்தில் தோல் மரத்திருப்பது சகஜம் என்று சொல்லுங்கள். காய்ச்சலோ கெண்டைக்கால் வீக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. இதை அம்மாவோ அப்பத்தாவோ, யார் கூட இருந்து பார்க்கப் போகிறார்களோ அவர்களும் கேட்க வேண்டும்.

கடைசியில் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். புரியாதவரும் மரியாதைக்குத் தலையாட்டுவார். "வீட்டுல போய்க் கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல, நீங்கள் எதைச் சரியாகச் சொல்லவில்லை என்பது தெரிந்துவிடும்.

வெளியே வரிசை நிற்கும், நேரம் இருக்காது. ஆனாலும் தேதி குறிக்கும் அன்றே ஒவ்வொருவருக்கும் ஒரு அரைமணி நேரம் ஒதுக்குங்கள், தம்பி. சொன்னதைத் தமிழில் ஒரு தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்து, இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணோடு கையில் கொடுத்து அனுப்புங்கள்.