சிறு பெட்ரோல் இஞ்சினின் கார்புரேட்டரும் அதைச் சுத்தி செய்யும் முறையும்

தர்மபுரி ஜில்லாவில் பாலக்கோடு, காரிமங்கலம் முதலிய பகுதிகளில் மாந்தோப்பு வைத்திருப்போர் பலர் பெட்ரோல் இஞ்சின் பூட்டிய மருந்துத் தெளிப்பானை உபயோகிக்கின்றனர். மா பூக்கும் மார்கழி, தை மாதங்களில் தத்துப்பூச்சி பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சத் தலைப்பட்டால், பூக்கள் கருகி உதிருமுன் மருந்து தெளித்தாக வேண்டும். சென்ற பருவத்திற்குப் பின் தொடப்படாமல் மூலையிற் கிடந்த இஞ்சின் அத்தருணத்தில்தான் கிளம்ப மறுக்கின்றது. கயிற்றை இழுத்துக் கை சலித்தபின் பிளக்கை மாற்றுவதே வழக்கமாயிருக்கிறது. பழுதோ பெரும்பாலும் கார்புரேட்டரினுள், ஊசிமுனையினும் சிறிய ஒரு துவாரத்தில் இருக்கும்.

பெட்ரோல் காற்றுடன் கலந்தாலன்றிச் சிலிண்டரில் எரியாது. நிறையளவில் 1 பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும். இக்கலவையைத் தயாரிப்பதே கார்புரேட்டரின் வேலை. இஞ்சின் இழுக்கும் காற்று, நடுவில் இடுங்கிய ஒரு குழலின் வழியே செல்லுகிறது. அகன்ற வாய்க்காலின் நீர் குறுகிய மடையில் விரைவதுபோல, இடுங்கிய இடத்தில் காற்றின் வேகம் மிகும். வேகம் மிகவே அங்கு அழுத்தம் குறையும். கீழேயுள்ள கிண்ணத்துப் பெட்ரோலின்மீது வெளிக்காற்றின் அழுத்தம் குறையாதிருப்பதால், பெட்ரோல் ஜெட் எனப்படும் பித்தளைத் துவாரத்தின் வழியே மேலேறி, காற்றில் நுண்துளியாகச் சிதறுகின்றது. கிண்ணத்தில் பெட்ரோல் ஒரே மட்டத்தில் நிற்கும்படி ஒரு மிதவையும் ஊசியும் காக்கின்றன. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மிதவையும் இவ்வாறே வேலை செய்கிறது. வேகத்திற்கு ஒரு ஜெட்டும், மெதுவோட்டத்திற்கு அதனினும் சிறிய மற்றொரு துவாரமும் உண்டு. முதலில் அடைபடுவது இச்சிறிய துவாரமே. சோக் என்பது, குளிர்ந்த இஞ்சினைக் கிளப்புகையில் காற்றைக் குறைத்துப் பெட்ரோலை மிகுவிக்கும் மூடியாகும்.

அடைப்புக்குக் காரணம் யாதெனில், கிண்ணத்தில் விட்டுவைத்த பெட்ரோல் மெல்ல ஆவியாகி, பிசின்போன்ற கசடைத் துவாரங்களில் படியவிடுவதேயாம். மேலும், 2025-ம் வருஷத்திற்குள் நம் தேசத்துப் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எதனால் கலக்கப்படலாயிற்று. எதனால் ஈரத்தை ஈர்க்கும் தன்மையது. நெடுநாள் தேங்கினால் நீர் பிரிந்து அடியில் தங்கி உலோகத்தை அரிக்கும். ஆகையால் பெட்ரோலை மாதக்கணக்கில் இஞ்சினில் விட்டுவைத்தல் முன்னினும் அதிகக் கேடு தரும்.

பழுதின் இடத்தைக் குறிகளால் அறியலாம். சோக்கை மூடினால் மட்டும் ஓடி, திறந்தால் நின்றுவிடின், பெட்ரோல் போதவில்லை. ஜெட் அடைபட்டிருக்கலாம், அன்றி இணைப்பின் வாசர் கிழிந்து காற்று புகலாம். கரும்புகை கக்கினால் காற்று வடிகட்டியை முதலிற் பார்க்க. தூசியால் அது அடைபட்டிருத்தல் மிகச் சாதாரணம். கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் ஒழுகினால் ஊசியின் இருப்பிடத்தில் தூசி சிக்கியிருக்கும், அல்லது மிதவை ஓட்டையாகியிருக்கும். மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளே புகுந்த பெட்ரோல் சலசலக்கும்.

சுத்தி செய்யுமுன் இஞ்சின் நன்கு ஆறியிருத்தல் வேண்டும். அடுப்பும் பீடியும் அருகிலிருத்தல் ஆகாது. திறந்த வெளியே உத்தமம். பெட்ரோல் குழாயை அடைத்து, அடியிலுள்ள திருகைக் கழற்றிக் கிண்ணத்தை எடுத்தால் ஜெட் தெரியும். அளவொத்த திருப்புளியாலேயே அதைக் கழற்ற வேண்டும். பொருந்தாத திருப்புளி பித்தளையின் தலையைக் கெடுத்துவிடும். பாகங்களைக் கார்புரேட்டர் கிளீனரில் கழுவி, சைக்கிள் பம்பினால் எதிர்ப்புறமிருந்து காற்றடித்து, வெளிச்சத்தில் பிடித்துத் துவாரம் வட்டமாய்த் தெரிகிறதாவெனப் பார்க்கவும். காற்றடிக்கையில் கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். ரப்பர் வளையங்களை அத்திரவத்தில் இடலாகாது, உப்பிப் பயனற்றுப்போம்.

எஃகுக் கம்பியைத் துவாரத்தில் நுழைப்பது பலரும் கைக்கொள்ளும் வழியாயினும் அது தவறு. பித்தளை மிருதுவானது, துவாரம் சிறிது அகன்றாலும் பெட்ரோல் என்றும் மிகுதியாய்ச் செல்லும். அவ்வாறு கெட்ட ஜெட்டை மாற்றுவதன்றி வேறு பரிகாரமில்லை. மெதுவோட்டத் திருகைக் கழற்றுமுன், அதை மெதுவாய் முழுதும் முடுக்கி, எத்தனை சுற்று ஆயிற்றெனக் குறித்துக்கொண்டு, பூட்டுகையில் அதே சுற்றுக்குத் திருப்பி விடவேண்டும். இதைக் குறிக்க மறந்தவர் பாதி நாளை வீணே கழிப்பர்.

தோளில் மாட்டும் புதர்வெட்டி முதலியவற்றில் மிதவைக்குப் பதில் மெல்லிய சவ்வு இருக்கும். அதைப் பழகிய மெக்கானிக்கிடமே விடுதல் நன்று. டீசல் இஞ்சினுக்குக் கார்புரேட்டரே கிடையாது.

பருவம் முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து, இஞ்சினை மெதுவோட்டத்தில் விட்டுத் தானே நிற்கச் செய்து, கிண்ணத்தில் எஞ்சியதையும் வடித்துவிடவேண்டும். பலர் கைமாறும் வாடகைத் தெளிப்பான்களை வைத்திருக்கும் சங்கத்தார், திரும்பப் பெறும்போதே இவ்வடிப்பு நடந்ததா எனப் பார்த்துப் பதிவேட்டில் தேதியுடன் எழுதி, கார்த்திகையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து வைப்பார்களாக.