சவர்டோ ஸ்டார்ட்டரை உலர்த்திப் பத்திரப்படுத்த...

1. உலர்த்துவதற்கு முன் இரண்டு மூன்று வேளை ஸ்டார்ட்டருக்கு மைதாவும் தண்ணீரும் சம எடையில் கொடுங்கள். முழுக் கோதுமை மாவில் எண்ணெய்ச் சத்து அதிகம். நாள்பட்டால் சிக்கு வாடை வந்துவிடும்.

2. பொங்கி உச்சிக்கு வந்த நேரத்தில் எடுங்கள். ஈஸ்ட் திடமாக இருப்பது அப்போதுதான்.

3. பட்டர் பேப்பரில் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, மெல்லிய துணி போட்டு, ஃபேன் காற்றில் வையுங்கள். மேல்புறம் காய்ந்ததும் உரித்துத் திருப்பிப் போடுங்கள். மொட்டைமாடி வெயிலும் சூடான ஓவனும் வேண்டவே வேண்டாம். 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் ஈஸ்ட் தளரும். 60ஐ எட்டினால் செத்தே போகும். மழைக்காலத்தில், சூடேற்றாத ஓவனில் விளக்கை மட்டும் போட்டு, கதவைச் சற்றே திறந்து வைத்து உலர்த்தலாம்.

4. காய்ந்துவிட்டதா என்பதற்குத் தராசுதான் சாட்சி. 100 கிராம் தேய்த்திருந்தால் 50 கிராமை ஒட்டி வர வேண்டும். கையில் எடுத்தால் வற்றல் போலப் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு நாள் காயட்டும். இங்கே அவசரப்பட்டால் பாட்டிலுக்குள் பூசணம் பிடித்து மொத்தமும் வீணாகும்.

5. கையாலோ பூரிக்கட்டையாலோ நொறுக்குங்கள். மிக்ஸியில் சூடேறும்.

6. ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூடி, தேதியையும் மாவின் பெயரையும் எழுதி ஒட்டுங்கள். ஒரு பங்கு இருட்டான அலமாரியில், ஒரு பங்கு ஃப்ரீசரில் இருக்கட்டும். ஃப்ரீசர் பாட்டிலின் குளிர் முழுக்கப் போன பிறகே திறக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே நீர் முத்துக்கட்டும்.

7. உலர்ந்த ஸ்டார்ட்டர் தபாலிலும் போகும். 1847இல் ஒரேகானுக்குக் குடிபெயர்ந்த முன்னோர் வழி வந்ததாகச் சொல்லி, கார்ல் கிரிஃபித் என்ற அமெரிக்கர் தம் குடும்பத்து ஸ்டார்ட்டரைக் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார். 2000இல் அவர் மறைந்த பிறகும் தன்னார்வலர்கள் அதை உலர்த்தி, உறையிலிட்டு அனுப்பினார்கள். ஒரு பொட்டலத்தைத் தோழி வீட்டிலும் கொடுத்து வையுங்கள்; உங்களுடையது கெட்டால் அங்கிருந்து வாங்கிக்கொள்ளலாம்.

8. மீட்டெடுக்க, 10 கிராம் செதிலை 20 கிராம் வெதுவெதுப்பான நீரில் மூன்று மணி நேரம் ஊறவிட்டு, 10 கிராம் மைதா கலந்து மூடி வையுங்கள். குமிழ் தெரிந்ததும் மைதாவும் நீரும் சமமாகச் சேர்த்து வாருங்கள். வழக்கம்போலப் பொங்க இரண்டு மூன்று நாளாகலாம். இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறமோ பூசணமோ கண்டால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

9. உலர்த்திய கையோடு கொஞ்சம் எடுத்து இப்படி உயிர்ப்பித்துப் பாருங்கள். அது பொங்கும்வரை பழைய ஸ்டார்ட்டரைக் கைவிட வேண்டாம்.