ஆக்சலாட்டல்: ஆணா, பெண்ணா?

மயிலினத்தில் ஆணைத் தோகையால் அறிகிறோம். தலைப்பிரட்டை வாலை இழந்து கரையேறினால், அது தவளையாக மாறிவிட்டது என்று கூறுகிறோம். ஆனால், முழு வளர்ச்சி பெற்ற பின்னரும் இளமைத் தோற்றம் மாறாத உயிரி ஒன்று உண்டு. அதுவே ஆக்சலாட்டல். அதன் பருவத்தையும் பாலையும் கண்டறியும் வழியை இங்குக் காண்போம்.

ஆக்சலாட்டல், சாலமாண்டர் வகையைச் சேர்ந்த நீர்நில வாழ் உயிரியாகும். மெக்சிக்கோ நாட்டுத் தலைநகரின் தென்பகுதியிலுள்ள சோச்சிமில்கோ நீர்நிலைகளே அதன் தாயகம். பிற சாலமாண்டர்கள் பல, வளர்ந்ததும் செவுள்களை இழந்து நிலத்திற்கு வரும். இதுவோ, தலையின் இருபுறமும் இறகுபோல் விரிந்த மும்மூன்று செவுள்களுடன் வாழ்நாள் முழுவதும் நீரிலேயே வாழ்ந்து, அங்கேயே முட்டையிடும்.

இத்தோற்றம் அறிஞர்களையும் மயக்கியது. செவுள்களைக் கண்டு, இது வளராத குஞ்சே என்று பலர் கருதினர். 1864ஆம் ஆண்டில் மெக்சிக்கோவிலிருந்து பாரிசுக்கு வந்த ஆக்சலாட்டல்களுள் ஆறு, துமேரில் என்னும் அறிஞரிடம் சேர்ந்தன. அவற்றுள் ஐந்து ஆண், ஒன்றே பெண். 1865இல் அவை முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தன. செவுளோடு இருக்கும்போதே அவை பருவம் எய்தியவை என்பது அதனால் தெளிவாயிற்று.

அங்ஙனமாயின், பருவத்தை எவ்வாறு அறிவது? முதலில் வயதையும் நீளத்தையும் நோக்க வேண்டும். பெரும்பாலும் 12 முதல் 18 மாதங்களுக்குள், ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் நீளத்தை அடைந்தபின் அது பருவம் எய்தும். நல்லுணவு பெற்ற சில, அதற்கு முன்னரே பருவம் எய்துவதும் உண்டு. வெண்ணிற ஆக்சலாட்டல்களின் விரல் நுனிகள் கருமையடைவதும் ஓர் அடையாளமாகும்.

அடுத்து, ஆண், பெண் வேறுபாட்டைக் காண்போம். பின்னங்கால்களுக்குப் பின்னால், வாலின் அடியில் கழிவுத்துவாரம் உள்ளது. பருவமடைந்த ஆணுக்கு அதன் இருபக்கமும் நன்கு புடைத்திருக்கும். பெண்ணுக்கோ அவ்விடம் ஏறக்குறையத் தட்டையாகவே காணப்படும். முட்டை நிறைந்த பெண்ணின் உடல் அகன்று, பருத்துத் தோன்றும். எனினும், நன்கு உண்ட ஆணும் பருத்திருக்கலாம். ஆதலின் பருமனை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது. பருவமடையாத குஞ்சிடம் எந்த வேறுபாடும் வெளிப்படையாகத் தெரியாது, பொறுத்திருத்தலே முறை. பார்ப்பதற்காக அதனைக் கையால் தூக்கவும் கூடாது. அதன் தோல் மிக மென்மையானது. கண்ணாடித் தொட்டியின் பக்கவாட்டிலிருந்து அமைதியாக நோக்கினாலே போதும்.

இவ்வளவு கவனம் ஏன் என்று நீங்கள் வினவலாம். இரண்டும் குஞ்சுகளே என்றெண்ணி ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில் விட்டவர், ஒருநாள் காலையில் செடிகளில் நூற்றுக்கணக்கான முட்டைகளைக் காண நேரிடும். ஒரு பெண், ஒரு முறையில் 100 முதல் 1,000 முட்டைகள் வரை இடக்கூடும். ஓய்வின்றி மீண்டும் மீண்டும் முட்டையிட்டால் அது நலிவடையும். பொரிக்கும் குஞ்சுகளோ உயிருள்ள சிற்றுணவு வேண்டி நிற்கும். இடநெருக்கடியில் ஒன்றன் காலை ஒன்று கடித்துவிடும். ஆகவே, பருவம் எய்துமுன்னரே அவற்றைத் தனித்தனியே பிரித்து வைத்து, அடையாளம் தெளிவான பின்னரே சேர்ப்பதா என்பதை முடிவு செய்தல் வேண்டும்.

இன்னொன்றும் அறிக. இவ்வுயிரிக்கு 16 முதல் 18 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள குளிர்ந்த நீரே ஏற்றது. நம் நாட்டைப் போன்ற வெப்ப நாடுகளில் நீரைக் குளிர்விக்கும் கருவியின்றி அது துன்புறும். அதனை வளர்க்கச் சட்டம் இடந்தருகிறதா என்பதையும் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

இன்று தன் தாயகத்தில் ஆக்சலாட்டல் அழிவின் விளிம்பில் உள்ளது. ஓர் உயிரை வளர்க்க விரும்புவோர், முதலில் அதனை அறிந்துகொள்ளல் வேண்டும். அறிந்து காப்பதே உண்மையான அன்பு என்பதை நாம் மறவாதிருப்போமாக!